முதுகில்லாத சட்டை

அண்ணியின் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். பேச்சு அவற்றைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அதனால் பெரும்பாலும் தலையாட்டலோடு முடித்துக்கொள்வார். ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். என் அண்ணனுக்கு இது கல்யாணமான புதிதிலேயே புரிந்துவிட்டது. அண்ணி ஊசியை எடுத்தால் அவன் செருப்பை மாட்டிக்கொள்வான்.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தின் தையல்காரர். மைதானத்தின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஓர் இஸ்திரிப் பெட்டி. ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து நான் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன், ஓரம் மடிப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். மறுபடி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே இந்த வேலையால்தான். யாரோடும் அதிகம் பேச வராது. ஜன்னலும் ஊசியும் எனக்குப் போதுமானவை.

சின்ன வயதில் அண்ணி ஒரு கோட்டுத் தையல் கடையில் நூல் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். நூல் பிரித்துப் பிரித்தே ஒரு கோட்டு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டார். தெருவில் நடக்கும்போது மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளையும் முதுகையும்தான் பார்ப்பார். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோள் தையல் கோணலாக இருந்தால் இறங்கும்வரை அண்ணிக்கு நிம்மதி இருக்காது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் போட்டிருந்த கருநீலக் கோட்டு ஒவ்வொன்றும் அவர் கையால் வந்தது. கெட்டித் துணி, உள்ளே முழு லைனிங். நிர்வாகம் கேட்டபடியே அசைக்க முடியாத தையல்.

அந்தக் கோட்டுதான் அதே பள்ளியில் படிக்கும் அவர் மகளின் முதுகைப் புண்ணாக்கப்போகிறது என்று தைக்கும்போது யாருக்குத் தெரியும்?

பள்ளியின் விதி இதுதான்: வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டு டை, முழங்கால்வரை சாக்ஸ், மேலே கோட்டு. கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை கோட்டு உடம்பில் இருக்க வேண்டும். மழையோ வெயிலோ பேச்சில்லை. இதைப் பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் இருந்தார். கையில் எப்போதும் மர ஸ்கேல். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். தினமும் காலையில் கேட்டில் நின்று ஸ்கேல் நுனியால் மோவாயைத் தூக்கி, பட்டன் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பாவாடை நீளத்தை அளப்பார். கோட்டுக் கைக்கு வெளியே சட்டையின் மணிக்கட்டுப் பட்டி எட்டிப் பார்க்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். அந்த ஸ்கேலால் யாரையும் அவர் அடித்ததே இல்லை. அடித்திருந்தால் பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

அந்த வருடம் வெயில் ஆளைத் தின்றது. வெட்டுமேசையில் கிடக்கும் கத்தரிக்கோலை ஈரத்துணி சுற்றித்தான் எடுப்போம். இஸ்திரிப் பெட்டியைப் பிளக்கில் மாட்டாமலே துணி சுட்டது. அண்ணியின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, முதலில் கழுத்தடியில் வேர்க்குரு வந்தது. பிறகு முதுகு முழுக்கப் பரவி, சொறிந்து, உடைந்து புண்ணானது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உரிப்போம். அவள் அழ மாட்டாள். தலையணையைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் அத்தை" என்பாள்.

ஊசியில்லாத வாயோடு அண்ணி ஸ்கேல் டீச்சரிடம் போனார். புண் ஆறும்வரை மகள் கோட்டு இல்லாமல் வரட்டும் என்று கேட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். டீச்சர் சத்தம் போடவில்லை.

"டெய்லரம்மா, ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் வேர்க்குரு வந்துடும். உங்க பொண்ணுங்கிறதால விட்டேன்னும் பேச்சு வரும். நீங்களே சொல்லுங்க, விடலாமா?"

அண்ணி அறைக்குத் திரும்பி வந்து ஊசிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளின் சட்டை ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அண்ணன் வழக்கம்போலச் செருப்பைத் தேடினான். அண்ணி கத்தரிக்கோலை எடுத்தார். சட்டையின் முதுகை அக்குளிலிருந்து அக்குள்வரை வெட்டி எடுத்தார். இரண்டு கையையும் வெட்டினார். மிஞ்சியது காலர், அதிலிருந்து தொங்கும் முன்பக்கம், பட்டன் வரிசை. அதைப் பின்னால் இழுத்துக் கட்ட இரண்டு நாடா. கையிலிருந்து மணிக்கட்டுப் பட்டிகளை மட்டும் பிரித்து, கோட்டுக் கையின் உள்ளே நூலோட்டினார். கோட்டின் லைனிங்கையும் உருவிவிட்டார்.

"நல்ல சட்டையாச்சே" என்றான் அண்ணன்.

"முன்னாடி நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி.

வெட்டிய முதுகையும் கைகளையும் ஒரு சாக்கில் போட்டார். வெட்டியதைத் தூக்கி எறிந்து அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலையில் அண்ணியும் நானும் ஜன்னலில் நின்றோம். மருமகள் கேட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரு மெல்லிய ஷிம்மி, அதன்மேல் அந்தப் பாதிச் சட்டை, மேலே கோட்டு. ஸ்கேல் அவள் மோவாயைத் தூக்கியது. பட்டன் சரி. டை சரி. மணிக்கட்டைத் தட்டியது. வெள்ளைப் பட்டி தெரிந்தது. ஸ்கேல் நகர்ந்தது. மருமகள் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது, சிரிப்பை விழுங்கியவள் மாதிரி கன்னம் உப்பியிருந்தது.

இது அவளோடு நின்றிருந்தால் கதை இல்லை. அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அந்த பெஞ்சுக்கே தெரிந்தது. பழைய சட்டையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு அம்மாக்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வேர்க்குரு வந்த பிள்ளைக்கு மட்டும்தான் என்று அண்ணி கறாராகச் சொன்னார். அந்த வெயிலில் வேர்க்குரு வராத பிள்ளை எது? பெண்கள் அதற்கு 'முன்பாதி' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் ஒருத்தியின் தங்கைக்கும் தைக்க வேண்டியதாயிற்று. அவள் மிகச் சின்னவள், எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். பெரியவர்கள் எது சொன்னாலும் உடனே செய்கிற பிள்ளை. அவளை நினைத்துத்தான் எனக்கு உள்ளூரப் பயம். யாராவது கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நான் பயந்தது தப்பான இடத்தைப் பார்த்து.

அந்தப் பள்ளியில் கோட்டைப் போடு என்று சொல்வார்கள், பட்டனைப் போடு என்று சொல்வார்கள். கழற்று என்று யாரும் சொன்னதே கிடையாது. அதனால் அந்தப் பக்கம் எங்கள் யோசனையே போகவில்லை.

ஒரு நாள் காலைக் கூட்டம். மைதானத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள், ஒரு பக்கம் பையன்கள், மறுபக்கம் பெண்கள். மேடையில் செய்தி படித்துக்கொண்டிருந்த பையன் பாதியில் நிறுத்தினான். தாள் கையிலிருந்து நழுவியது. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு டீச்சர்கள் அவனை நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். தலைமை ஆசிரியை மைக்குக்கு வந்தார். நல்ல மனுஷி, அதிகம் வெளியே வராதவர். பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் கோட்டைக் கழட்டி இடது கையில போட்டுக்கங்க. இப்பவே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அண்ணி ஓடிக்கொண்டிருந்த மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார்.

மைதானத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. வரிசை வரிசையாகக் கருநீலம் உரிந்து வெள்ளை தெரிந்தது. பையன்கள் பக்கம் முழுவதும் வெளுத்துவிட்டது. பெண்கள் பக்கமும் வெளுத்தது. நடுவில் மட்டும் அங்கங்கே கருநீலப் புள்ளிகள் அசையாமல் நின்றன. அண்ணியின் மகள், அவள் தோழிகள், பின்வரிசையில் சிலர். எல்லாரும் கோட்டை முன்னால் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் யார் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்குள் என்ன இல்லை என்பதும் தெரியும். கழற்றினால் அத்தனை பையன்கள் முன்னால் ஷிம்மியோடு, கழுத்தில் ஒரு காலர் தொங்க நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பெண் இந்தப் பள்ளிக்கு வருவாள்?

"கோட்டோடயே பொறந்திருக்காளுங்கடா" என்று ஒரு பையன் சொன்னது ஜன்னல்வரை கேட்டது. சிரிப்பு பரவியது.

ஸ்கேல் டீச்சர் மேடையை விட்டு இறங்கினார். ஆண்டுக்கணக்காக அந்தக் கோட்டுக்குக் காவல் நின்றவர், இப்போது அதைக் கழற்ற வைக்க நடந்தார். அவருக்கு வேண்டியது சொன்னது நடக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வரிசையைத் தாண்டினார். அடுத்ததில் நின்ற ஒருத்தியிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணி, பட்டாணி" என்றேன்.

சின்னப் பிள்ளைகள் வரிசையில் பட்டாணி கோட்டுப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. மேல் பட்டன் கழன்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டாவதோடு மல்லுக்கட்டினாள். காஜா புதியது, இறுக்கமாக இருந்தது. நான் எடுத்த காஜா அது. வாழ்நாளில் என் வேலையைப் பற்றி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவதும் கழன்றது. அதற்குள் என் மருமகள் வரிசையை விட்டு ஓடினாள். பட்டாணியின் முன்னால் மண்டியிட்டு, கோட்டை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. ஸ்கேல் டீச்சரும் திரும்பினார். நேராக அவர்களை நோக்கி நடந்தார்.

நான் பக்கத்தில் பார்த்தேன். அண்ணி இல்லை.

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, வாயில் ஊசியோடு, மைதானத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் அவர் அதற்கு முன் கால் வைத்ததில்லை. நாங்கள் இருவரும் சுவரை ஒட்டி வந்து சுவரை ஒட்டிப் போகிறவர்கள். இப்போது எல்லாக் கண்ணும் அவர்மேல். மேடையடியில் நின்று, ஊசிகளை வாயிலிருந்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு பேசினார். மைக்கு பக்கத்தில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

"மேடம், கோட்டோட நிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் அளவு சரி பண்றதுக்காகக் குண்டூசி குத்தி வச்சிருக்கேன். இழுத்துக் கழட்டுனா உடம்புல கிழிச்சிடும். நான் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக் கழட்டி விடுறேன்."

"இத்தனை பேருக்குமா?"

"வளர்ற புள்ளைங்க மேடம். ஒண்ணா வளர்றாங்க."

பள்ளி முழுக்கச் சிரித்தது. தலைமை ஆசிரியையும் சிரித்து, கூட்டிப் போகச் சொன்னார். அண்ணி முன்னால் நடக்க, கருநீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து கழன்று அவர் பின்னால் வந்தன. பட்டாணியை மருமகள் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கடைசியாக, கையில் ஸ்கேலோடு, ஸ்கேல் டீச்சரும் வந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேர். கடைசியாக உள்ளே வந்த டீச்சர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வெயிலில் வெந்த கூரை மேலே கடகடத்தது. டீச்சர் என் மருமகளின் கோட்டுத் தோளில், பக்கவாட்டில், ஓரத்தில் என்று ஸ்கேலால் தடவினார்.

"ஊசி எங்க டெய்லரம்மா?"

அண்ணி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "எல்லாம் இங்கதான் இருக்கு டீச்சர்."

"அப்ப கழட்டச் சொல்லுங்க."

அண்ணி உள்ளங்கையை மூடிக்கொண்டார். மகளைப் பார்க்கவே இல்லை. மகள்தான், "நான் கழட்டுறேன்மா" என்றாள். பட்டன்களை அவிழ்த்தாள், கோட்டைத் தோளிலிருந்து இறக்கினாள், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

ஒரு காலர். அதிலிருந்து வரும் இரண்டு நாடாக்களின் முடிச்சு. மற்றதெல்லாம் ஷிம்மியும் முதுகும்தான். புண்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன, சில இன்னும் சிவப்பாக. டீச்சர் ஸ்கேல் நுனியால் நாடாவை மெல்லத் தூக்கிப் பார்த்தார், விட்டார். புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எவ்வளவு நாளா இது?"

"வெயில் ஏறினதுலேருந்து."

"தினமும் கேட்ல நான்தானே பாத்தேன்?"

"ஆமா டீச்சர்."

பின்னால் யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்துவிட்டாள். பயத்தில் வருகிற சிரிப்பு. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, அப்படியே பாதியில் நின்றது. வேறு ஏதோ ஓடியது. அது என்ன என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. இந்த விஷயம் வெளியே போனால் அண்ணிக்கு வேலை போகும். ஆனால் அதற்கப்புறமும் சிரிப்பு ஓயாது. இத்தனை நாள் கேட்டில் நின்று, மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, பாதிச் சட்டையை முழுச் சட்டை என்று உள்ளே அனுப்பியவர் யார் என்று கேட்பார்கள்.

வெளியே செருப்புச் சத்தம். தலைமை ஆசிரியையின் குரல்.

"டீச்சர், உள்ள எல்லாம் சரிதானே? நான் வரட்டுமா?"

மருமகள் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தாழ்ப்பாள்மேல் டீச்சரின் கை போனது. அந்தக் கை தாழைத் திறக்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் மேடம். டெய்லரம்மா சொன்னது சரிதான். உள்ள பூரா ஊசியா கிடக்கு. உங்க கால்ல குத்திடும்."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. டீச்சர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"சாயங்கால மணிக்குள்ள எல்லாத்துக்கும் முதுகு வந்திருக்கணும். ஒருத்தி முதுகில்லாம வெளிய போனாலும், அவ பின்னாடியே நீங்களும் போயிடலாம்."

அப்படிச் சொல்லிவிட்டு வெளியே போய், கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொண்டார்.

நல்லவேளை, சாக்கு அங்கேதான் இருந்தது. கோடை முடிந்ததும் ஒட்டித் தைத்துக் கொடுக்கலாம் என்று அண்ணி அதை வெட்டுமேசைக்கு அடியில் கொண்டுவந்து போட்டிருந்தார். கவிழ்த்தோம். முதுகுகளும் கைகளும் குவியலாகக் கொட்டின. எது யாருடையது என்று ஒரு அடையாளமும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

"அது என் முதுகுடி, விடு."

"உன் முதுகு இவ்வளவு அகலமா?"

"என் முதுகுல இங்க் கறை இருக்கும், பாருங்க அத்தை."

அண்ணி ஊசிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருத்தியாகத் திருப்பி நிறுத்தி, தோளைக் கண்ணால் அளந்து, குவியலிலிருந்து ஒரு துணியை உருவி என்னிடம் எறிவார். நான் குத்திச் சேர்ப்பேன், அவர் மெஷினில் ஓட்டுவார். அடுத்தது கை. அடுத்தது கோட்டிலிருந்து மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து ஒட்டுவது. பெண்கள் ஷிம்மியோடு தரையில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டார்கள். மெஷின் சூடேறி எண்ணெய் வாடை வந்தது. ஒரு முறை நூல் அறுந்தது. நான் கோத்துக் கொடுத்தேன்.

கதவிடுக்கு வழியாக ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தேன். ஸ்கேல் டீச்சர் வெயிலில் அப்படியே நின்றிருந்தார். எட்டிப் பார்க்க வந்த பையன்களை ஸ்கேலை நீட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். டீச்சர்களுக்கும் முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் உண்டு, கழற்றலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் முதுகில் கோட்டுத் துணியையும் தாண்டி ஈரம் ஊறி, பெரிய இலை மாதிரி விரிந்திருந்தது.

மணி அடித்தபோது கடைசித் தையலை ஓட்டிக்கொண்டிருந்தோம். அது பட்டாணியின் சட்டை. அவசரத்தில் அவளுடையது வேறு யாருக்கோ போய்விட்டது, குவியலில் அவள் அளவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, யாரோ பெரிய பெண்ணின் முதுகைத்தான் வைத்துத் தைத்தோம். காற்று புகுந்து அது பாய்மரம் மாதிரி உப்பியது. டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் திருப்பி, ஸ்கேலால் முதுகைத் தடவி வெளியே விட்டார். பட்டாணியின் முதுகில் ஸ்கேல் கொஞ்ச நேரம் நின்றது.

"போ" என்றார்.

வகுப்புக்குள் இனிமேல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும். டீச்சர்கள் கோட்டோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இருக்காதாம். மருமகளின் முதுகு மெல்ல ஆறியது. அண்ணியை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டி வரும். ஆனால் அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்தத் துணியில் கத்தரி வைக்கும் முன்னாலும் ஊசியை எடுத்துவிட்டு, "கழட்டச் சொன்னா என்ன செய்யறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அண்ணன் புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவந்தபோதும் கேட்டார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வெயில் இன்னும் இறங்காத ஒரு மத்தியானம், ஸ்கேல் டீச்சர் எங்கள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு பையிலிருந்து தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வெட்டுமேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் பட்டன் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"இதுல முதுகு வேணாம்" என்றார்.

அண்ணி வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"கழட்டச் சொன்னா டீச்சர்?"

டீச்சர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். ஸ்கேலை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னை யாரு கழட்டச் சொல்லப்போறா?"

அண்ணி கத்தரிக்கோலை ஈரத்துணியால் பிடித்து எடுத்தார்.